ஜெர்மனிக்கு வந்து ஐந்து மாதம்: பழைய பழக்கம் ஒன்றும் விடவில்லை, ஊருக்கே திரும்பிவிடலாமா?

சாம்பார்ப்பிரியன்:
எல்லோருக்கும் வணக்கம். அக்டோபரில் வந்தேன். சென்னையில் இரவு ஒரு மணிக்குத் தூங்கிப் பழகியவன். இங்கே காலை எட்டு மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டியிருக்கிறது. இரவு பதினொன்றுக்குச் சமைத்தால் கீழ்வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைதான் கடைக்குப் போகத் தோன்றும், அன்றைக்குப் பார்த்து ஊரே மூடிக் கிடக்கிறது. ஜிம்மில் சேர்ந்து பார்த்தேன், இரண்டு மாதத்தில் நின்றுவிட்டேன். தபால் வேறு குவிகிறது. வீட்டில் அதையெல்லாம் அப்பா பார்த்துக்கொள்வார். நேற்று மஞ்சள் உறையில் ஏதோ வந்தது, ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. அம்மா திரும்பி வந்துவிடு என்கிறார். முப்பதை நெருங்கும் ஒருவனால் பழக்கத்தை மாற்றிக்கொள்ள முடியுமா?

பவேரியாக்_கொங்கு:
எந்த ஊர் என்றே சொல்லவில்லையே தம்பி. எந்த ஊராக இருந்தாலும் இது குளிர்காலம் செய்யும் வேலைதான். மியூனிக்கில் என் முதல் டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிட்டது. வேலை முடிந்து வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மருத்துவரிடம் போய் வைட்டமின் டி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஊருக்கு தினமும் வீடியோவில் பேசுவதை முதலில் நிறுத்துங்கள். உடம்பு இங்கேயும் மனது மயிலாப்பூரிலுமாக இருந்தால் எப்படித் தூக்கம் வரும்?

டோர்ட்முண்ட்_அக்கா:
பேசுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள், அது ஒன்றுதான் என்னைக் காப்பாற்றியது. தம்பி, இங்கே இரவு பத்து முதல் காலை ஆறு வரை சத்தம் கூடாது. அந்த அம்மாளுக்கு உங்கள் தாளிப்பு வாசனையை விட மிக்சியின் சத்தம்தான் தொந்தரவாக இருந்திருக்கும். சனிக்கிழமை பகலில் ஒரு வாரத்துக்கு அரைத்து வையுங்கள். சமைத்து முடித்ததும் ஜன்னலைச் சாய்த்து வைத்தால் போதாது, அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். சுவரில் பூஞ்சை பிடித்தால் வீட்டுக்காரர் முன்பணத்தில் கை வைப்பார். எங்களுக்கு வைத்தார்.

வல்வெட்டித்துறையான்:
நான் 1985இல் கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்தவன். முகாமில் ஒரு அறைக்குள் ஆறு பேர். வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பதென்றால் சில்லறையைக் கைநிறைய வைத்துக்கொண்டு கூண்டுக்குள் நிற்க வேண்டும், அதுவும் யாழ்ப்பாணத்துக்கு இணைப்புக் கிடைத்தால்தான். தமிழ்க்கடை இல்லை, கோயில் இல்லை. ஹாம் நகரில் காமாட்சி அம்பாளுக்குப் பெரிய கோயில் எழும்பியதே 2002இல்தான். நீர் மிக்சிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் கவலைப்படுகிறீர்!

பவேரியாக்_கொங்கு:
ஐயா, உங்கள் கஷ்டம் பெரிதுதான். அதற்காக அவருடைய கஷ்டம் இல்லை என்றாகிவிடுமா?

நெக்கர்க்கரை:
ஞாயிறு கிடக்கட்டும், ரயிலைப் பற்றி யாராவது பேசுங்கள். நேற்று ஒன்றரை மணி நேரம் தாமதம், காரணம் கேட்டால் முன்னால் போகும் வண்டி தாமதமாம். வீடு தேடி நான் அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பாதிப் பேர் பதில்கூடப் போடவில்லை. வீட்டில் டிவியே இல்லை, அதற்கும் மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம்!

டோர்ட்முண்ட்_அக்கா:
வீட்டுக்கு ஒன்றுதானே அந்தக் கட்டணம், தலைக்கு ஒன்றில்லையே. கூட இருப்பவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.

நெக்கர்க்கரை:
கூட யாரும் இல்லையே அக்கா, அதுதான் வருத்தம்.

கோப்பு_மாமி:
கொஞ்சம் நிறுத்துங்கள் எல்லோரும். மஞ்சள் உறை என்று அந்தப் பிள்ளை எழுதியிருப்பதை ஒருவர்கூடப் படிக்கவில்லையா? சாம்பார்ப்பிரியன், தூக்கம் அப்புறம். அந்த உறையை இப்போதே எடுங்கள். தபால்காரர் அதன் மேல் பேனாவால் ஒரு தேதி எழுதியிருப்பார், அது என்ன? உள்ளே யார் அனுப்பியது? உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தேதிக்குச் சான்று அதுதான்.

சாம்பார்ப்பிரியன்:
மார்ச் 9 என்று இருக்கிறது. பெட்டியை நேற்றுத்தான் திறந்தேன், இன்று 14. நீதிமன்றத்திலிருந்து வந்திருக்கிறது, மான்பெஷைட் என்று தலைப்பு. அந்த ஜிம்தான். போவதை நிறுத்தியதும் வங்கிச் செயலியில் கட்டணத்தையும் நிறுத்திவிட்டேன். சென்னையில் போகாவிட்டால் தானாக முடிந்துவிடுமே. பாக்கியும் செலவுமாக இருநூற்றுச் சொச்சம் யூரோ கேட்கிறார்கள். விசாவை ரத்து செய்துவிடுவார்களா? கை நடுங்குகிறது.

பவேரியாக்_கொங்கு:
நீதிமன்றமா? உடனே வக்கீலைப் பாருங்கள்!

கோப்பு_மாமி:
வக்கீல் வேண்டாம், இருநூறு யூரோவுக்கு வக்கீல் வைத்தால் அவருக்கே ஒரு நல்ல தொகை போய்விடும். தனியார் பாக்கிக்காக யாரையும் நாட்டை விட்டு அனுப்புவதில்லை, முதலில் தண்ணீர் குடியுங்கள். மான்பெஷைட் என்பது பாக்கியைக் கட்டச் சொல்லி நீதிமன்றம் வழியாக வரும் அறிவிப்பு, தீர்ப்பு இல்லை. கேட்கும் தொகை நியாயமா என்று நீதிமன்றம் பார்ப்பதே கிடையாது, கேட்டவர் எழுதித் தந்ததை அப்படியே அனுப்பும். மறுப்பதற்கு இரண்டு வாரம் உண்டு. அந்த இரண்டு வாரம் நீங்கள் பெட்டியைத் திறந்த நாளிலிருந்து ஓடாது, உறையின் மேலுள்ள தேதியிலிருந்து ஓடும். ஆக 23ஆம் தேதிக்குள் உங்கள் மறுப்பு நீதிமன்றத்தில் கிடைத்திருக்க வேண்டும். கூடவே வந்திருக்கும் படிவத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும், காரணம் எழுத வேண்டியதில்லை. பேசாமல் விட்டால் அடுத்து வருவது வங்கிக் கணக்கை முடக்க வழி செய்யும் உத்தரவு.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் மறுக்காதீர்கள். ஃபிரிட்ஜ் மேலுள்ள மற்ற உறைகளையும் பிரித்து, தேதிவாரியாக அடுக்கி, ஜிம்மில் போட்ட ஒப்பந்தத்தையும் எடுங்கள். ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் மாதக் கட்டணம் உங்கள் தலையில்தான். அதைக் கட்டிவிட்டு, கூட ஏற்றிய செலவு அதிகமாகத் தெரிந்தால் அதை மட்டும் மறுக்கலாம், படிவத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக ஜிம்முக்கு இன்றே எழுதுங்கள். எழுதாவிட்டால் முதல் வருடம் முடிந்த பிறகும் மாதாமாதம் ஓடிக்கொண்டே இருக்கும்.

எந்த ஊராக இருந்தாலும் அங்கேயோ பக்கத்திலோ புலம்பெயர்ந்தோருக்கான இலவச ஆலோசனை அலுவலகம் இருக்கும், 27 வயதைக் கடந்தவர்களுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. கரித்தாஸ், தியாகோனி போன்ற அமைப்புகள் நடத்துகின்றன. திங்கட்கிழமை காலை எல்லாத் தாள்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

சாம்பார்ப்பிரியன்:
பிரித்துவிட்டேன் மாமி. பதினொரு உறைகள். அதில் ஒன்று மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குப் புகைப்படம் கேட்டு நவம்பரில் வந்தது.

கோப்பு_மாமி:
அதை இன்று இரவே அனுப்புங்கள். மறுப்புப் படிவத்தைப் பதிவுத் தபாலில் போடுங்கள், ரசீதை உறையோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.