ஹிப்போகேம்பஸில் டிடிஆர் 60 மடங்கு! நம்பலாமா?

புது_மாணவன்:
ஆறு ஆண் சுண்டெலிகள், எல்லாம் சி57 பிளாக் 6 என்ற ஆய்வக வகை. ஒவ்வொன்றிலும் ஹிப்போகேம்பஸ் (நினைவாற்றலுக்கு முக்கியமான மூளைப்பகுதி), கார்டெக்ஸ் (மூளையின் வெளி அடுக்கு) இரண்டையும் எடுத்து, எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று பார்க்க ஆர்என்ஏ சீக்வென்சிங் செய்தோம், மொத்தம் 12 சாம்பிள். மரபணு அளவுகளை ஒப்பிடுகிற டிஈசீக்2 மென்பொருளில் மூளைப்பகுதியை மட்டும் டிசைனாக (கணக்கில் எடுக்க வேண்டிய காரணியாக) கொடுத்து ஓட்டினால் பட்டியலின் தலையில் டிடிஆர் மரபணு வந்து நிற்கிறது, கார்டெக்ஸை விட 60 மடங்கு. தைராய்டு ஹார்மோனைச் சுமக்கிற புரதமாயிற்றே, நினைவாற்றலோடு முடிச்சுப் போட்டு எழுதிவிடலாமா என்று கை அரிக்கிறது. கைடிடம் இன்னும் காட்டவில்லை.

பழைய_பிப்பெட்:
காட்டாதது நல்லதாயிற்று. மூளையில் டிடிஆர் கொட்டிக் கிடக்கிற இடம் கோராய்டு பிளெக்சஸ், அதாவது மூளைத் திரவத்தைச் சுரக்கிற திசு. அது வென்ட்ரிக்கிளுக்குள் (மூளைக்குள் இருக்கிற திரவ அறை), ஹிப்போகேம்பஸின் ஓரத்தை ஒட்டியே சிவப்பு நூல்பிசிறு மாதிரி கிடக்கும், ஹிப்போகேம்பஸை உருட்டி எடுக்கும்போது அதில் துளி ஒட்டிக்கொண்டு வந்தாலே போதும். சராசரியை விடுங்கள், சாம்பிள் வாரியாகப் பாருங்கள். அந்தத் திசுவின் அடையாள மரபணுக்களான எஃப்ஓஎல்ஆர்1, கேசிஎன்ஜே13 இரண்டும் கூடவே ஏறியிருந்தால் கலப்படம்தான், சந்தேகமே வேண்டாம். நானும் ஒரு முறை இதே டிடிஆரை போஸ்டர் வரைக்கும் கொண்டுபோனவன், லேபில் ஒரு சீனியர் அக்கா பார்த்துக் காப்பாற்றினார்.

புது_மாணவன்:
பார்த்தேன். ஹிப்போகேம்பஸில் டிடிஆர் எண்ணிக்கை இரண்டு எலியில் 40,000-க்கு மேல், மற்ற நாலில் சில நூறுதான். நீங்கள் சொன்ன இரண்டும் அதே எலிகளில்தான் ஏறியிருக்கின்றன. அந்த இரண்டையும் தூக்கிவிடட்டுமா?

கணக்குப்புலி:
அவசரப்படாதீர்கள், இருப்பதே ஆறு. டிடிஆரோடு சேர்ந்து ஏறி இறங்குகிற மரபணுக்களைத் தனியே குறித்து, கலப்படம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். அதைவிடப் பெரிய விஷயம் உங்கள் டிசைன். ஒரே எலியின் இரண்டு துண்டுகளை வைத்துக்கொண்டு பகுதியை மட்டும் கொடுத்தால் மென்பொருள் 12 தனித்தனி எலிகள் என்று எடுத்துக்கொள்ளும். 'எலி + பகுதி' என்று கொடுங்கள். எலியை 1, 2, 3 என்று எண்ணாக வைத்திருந்தால் முதலில் ஃபேக்டராக (எண்ணாக அல்லாமல் வெறும் பெயராக) மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஆறாவது எலி ஏதோ முதல் எலியைவிட ஆறு மடங்கு பெரியது மாதிரி கோடு போட்டுவிடும்.

அப்புறம் எலி மூளையில் எந்த மரபணு எங்கே இயங்குகிறது என்று படமாகக் காட்டுகிற ஆலன் மூளை அட்லஸில் டிடிஆர் படத்தை ஒரு தடவை பாருங்கள், 56 நாள் ஆண் எலியில் எடுத்தது. வென்ட்ரிக்கிள் மட்டும் கன்னங்கரேலென்று தெரியும்.

ஒரு சந்தேகம். இரண்டு பகுதியிலும் ஆர்என்ஏ எடுத்தது ஒரே நாளிலா?

புது_மாணவன்:
கார்டெக்ஸ் எல்லாம் திங்கள், ஹிப்போகேம்பஸ் எல்லாம் செவ்வாய்.

கணக்குப்புலி:
சரி. அப்படியானால் வித்தியாசம் பகுதியால் வந்ததா, நாளால் வந்ததா என்று எந்த டிசைனாலும் பிரிக்க முடியாது, கைடு கேட்பதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள்.