மறு: மேஸ், லேபிரிந்த்: இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

> இரண்டுக்குமே ‘புதிர்வழி’ என்று வைத்துவிடலாம். ஆங்கிலத்திலேயே கலந்துதான் புழங்குகிறார்கள்.

வணக்கம். மேஸ் (maze), லேபிரிந்த் (labyrinth) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் தமிழில் ஒரே சொல் போதும் என்று எழுதியிருந்தீர்கள். பேச்சில் கலக்கட்டும், கலைச்சொல்லில் வேண்டாம் என்பது என் கட்சி.

பிரான்சில் ஷார்த்ர் பேராலயத் தரையில் 13ஆம் நூற்றாண்டில் கல் பதித்துச் செய்த லேபிரிந்த் இருக்கிறது. 11 சுற்று. பாதை ஒன்றே ஒன்றுதான். இப்படியும் அப்படியும் மடங்கி, கடைசியில் நடுவில் கொண்டுபோய் விட்டுவிடும். நினைத்தாலும் தொலைய முடியாது. இதில் புதிர் எங்கே? லண்டன் அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1700 வாக்கில் செடிவேலி வளர்த்து அமைத்த மேஸ் வேறு சங்கதி. அங்கே பாதை பிரியும், முட்டும், திரும்பச் சொல்லும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உளவியலாளர் வில்லார்ட் ஸ்மால் எலிகளை ஓடவிட்டதும் அந்த மேஸின் வரைபடத்தை ஒட்டிச் செய்த அமைப்பில்தான். லேபிரிந்த் ஒரு நீளக் கோடு. மேஸ் கிளையும் கணுவும் உள்ள கோட்டுரு (graph). நிரல் எழுதுகிறவர் இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் வேலைக்கு ஆகாது.

கிரேக்கர்களிடமே இந்தக் குழப்பம் உண்டு. லேபிரிந்துக்குள் இருந்த மினோட்டார் என்ற காளைத்தலை அரக்கனைக் கொன்று வெளியேற, வீரன் தீசியசுக்கு கிரீட் இளவரசி அரியாட்னி நூல்கண்டு கொடுத்தாள் என்பது கதை. ஆனால் கிரீட்டின் க்நோசஸ் நாணயங்கள் பலவற்றில் இருப்பது ஒற்றைப் பாதைச் சித்திரம். அதற்கு நூல் எதற்கு?

> ‘சக்கரவியூகம்’ நம்மிடம் தயாராக இருக்கிறதே?

கர்நாடகத்தின் ஹளேபீடு கோயிலில் அபிமன்யு நுழையும் வியூகத்தை வளைந்து செல்லும் பாதையாகவே செதுக்கியிருக்கிறார்கள், உண்மைதான். ஆனாலும் வியூகம் என்றால் படை நிற்கும் ஒழுங்கு. எதிரி இல்லாமல் வியூகம் இல்லை. குழந்தைகள் இதழில் முயலுக்குக் கேரட் வரை வழிகாட்டும் கட்டத்தைச் சக்கரவியூகம் என்றால் முயல் பாவம்.

நான் முதலில் தேடியது, வழி பிரிவதைக் குறிக்கும் ‘கவர்’ என்ற பழைய வினையை. கோவலனுக்கு மதுரைக்கு வழி சொல்லும் மாங்காட்டு மறையோன், கொடும்பாளூர்க் குளத்தருகே பாதை சூலம்போல் மூன்றாகப் பிரிவதை ‘அருநெறி கவர்க்கும்’ என்கிறான். வழி பிரியும் இடத்துக்கே ‘கவலை’ என்று பழைய பெயர் உண்டு. எவ்வளவு பொருத்தம்! ஆனால் இன்று ‘கவர்வழி’ என்று எழுதினால் சுற்றுலா விளம்பரம் என்பார்கள். ‘கவலை’ சொல்லவே வேண்டாம். ஆசையிருந்தும் கைவிட்டேன்.

ஆகவே மேஸுக்குப் புதிர்வழி. லேபிரிந்துக்கு மடக்குவழி. ‘சுழல்வழி’ என்ற யோசனையும் வந்தது. சுழலில் பாதை ஒரே திசையில் சுற்றும், இதிலோ அடிக்கடி எதிர்த்திசைக்குத் திரும்புகிறது. கணிதத்தில் ‘மடக்கை’ என்றால் லாகரிதம் (logarithm) ஆயிற்றே என்று யாராவது வருவார்கள். வரட்டும், குழப்பம் வராது.

நரம்பியலாளர் ரிச்சர்ட் மோரிசின் நீர்ச்சோதனையையும் ஆங்கிலத்தில் மேஸ் என்றே சொல்கிறார்கள். அதில் சுவரும் இல்லை, பாதையும் இல்லை. வட்டத்தொட்டியில் நீந்தும் எலி, நீருக்குள் மறைந்திருக்கும் மேடையைத் தேடுகிறது. அதை ‘நீர்ப்புதிர்’ என்றால் போதும், ‘வழி’யை விட்டுவிடலாம். காதுக்குள் இருக்கும் லேபிரிந்துக்கு இந்தச் சொற்கள் எதுவும் தேவையில்லை. அரைவட்டக் கால்வாய்களும் நத்தைச்சுருளும் அடங்கிய அந்தப் பகுதிக்கு உட்செவி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

உருவகத்துக்கும் புதுச்சொல்லைத் திணிக்க வேண்டாம். ‘விதிமுறைகளின் புதிர்வழி’ என்று மொழிபெயர்ப்பில் பார்த்தேன். அலுவலகத்துக்கு அலைந்தவர் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டமாதிரி’ என்பார், அதோடு முடிந்தது.

டெட் எண்டுக்கு யாரும் புதிதாக ஆக்கிக்கொண்டிருக்க வேண்டாம். முட்டுச்சந்து இருக்கிறது.