படிக்கட்டுப் பாதையில் 4 தெருவிளக்கு எரியவில்லை. நகராட்சியா, ஊராட்சியா, இ.பி.யா? யாரிடம் போவது?

மேல்லயத்துப் பேரன்:
வணக்கம். நீலகிரியில் ஒரு சின்ன நகராட்சியின் கடைசி வார்டில் இருக்கிறோம். ஊர் பெயரைப் போடவில்லை. இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், நாளைக்கு அதே கவுன்டரில்தான் நான் வீட்டு வரி கட்ட நிற்கணும்.

மெயின் ரோட்டிலிருந்து எங்கள் வீடுகளுக்கு ஒரு படிக்கட்டுப் பாதை இறங்குகிறது. 140 படி, இரண்டு வளைவு, ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் தடுப்புச் சுவர். மொத்தம் 6 கம்பம். மேலே இருக்கிற 2 விளக்கு எரிகிறது. கீழே உள்ள நான்கும் ஜூலை மழையிலிருந்து எரியவில்லை. வீடுகளில் கரண்டுக்குக் குறை ஒன்றும் இல்லை.

அம்மா தேயிலை பேக்டரியில் வேலை. ஷிப்ட் முடிந்து இறங்கும்போது ராத்திரி 10 மணி ஆகிவிடும். போன வாரம் இரண்டாவது வளைவில் டார்ச் அடித்தபோது பத்தடியில் காட்டெருமை நின்றிருக்கிறது. அப்படியே பின்னால் ஏறிப்போய் ரோட்டில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். நாங்கள் பேக்டரியில் ஓவர்டைம் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டு முடித்துவிட்டோம்.

இதுவரை செய்தது: நகராட்சிக்குப் போனேன். "மூணாவது கம்பத்துக்குக் கீழே எங்க எல்லை இல்லை" என்றார்கள். ஊராட்சிக்குப் போனேன். "ஓடைக்கு அந்தப் பக்கம்தான் நாங்க" என்றார்கள். ஓடை ஆறாவது கம்பத்துக்கும் கீழே இருக்கிறது! இ.பி. ஆபீசில் "பல்பு எங்க வேலை இல்லப்பா" என்று நான் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள்.

தாத்தா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டியிலிருந்து வந்தவர். அவர் காலத்தில் இங்கே மேல்லயம், கீழ்லயம் (லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) என்று இரண்டே பேச்சுதான். எல்லைக்கல் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

இரண்டு கேள்வி. யாரிடம் மனு கொடுப்பது? அதுவரை எங்கள் வீட்டிலிருந்து வயர் இழுத்து நாலாவது கம்பத்தில் நானே ஒரு பல்பு கட்டிவிடலாமா?

கம்பம் ஏறினவன்:
தம்பி, ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில்: கட்டாதே. கம்பத்துல கை வைக்கிறது சட்டப்படி தப்புங்கிறது அப்புறம். மழைக்காலத்துல ஈரக் கம்பத்துல வீட்டு வயரைக் கட்டினா, மறுநாள் படி ஏறுற குழந்தை கை வைக்கும். 31 வருஷம் லைன்ல இருந்துட்டு ரிட்டயர் ஆனவன் சொல்றேன், ரெண்டு பேரை நானே இறக்கியிருக்கேன்.

இப்போ எனக்குப் பதில் சொல்லு. நாலு விளக்கும் ஒரே ராத்திரியில போச்சா, ஒண்ணொண்ணா போச்சா?

மேல்லயத்துப் பேரன்:
ஒரே ராத்திரி ஐயா. சீகை (வாட்டில்) மரத்துக் கிளை ஒன்று இரண்டாவது கம்பத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் விழுந்தது. வீட்டு கரண்ட் மறுநாள் மத்தியானம் வந்துவிட்டது. விளக்கு மட்டும் வரவில்லை.

மலைப்பாதை சங்கர்:
கவுன்சிலரைப் பிடிங்க பாஸ். அரை மணி நேர வேலை.

மேல்லயத்துப் பேரன்:
பிடித்தேன். "எனக்கு ஓட்டு போட்ட வீடு மேலே 2 கம்பம் வரைக்கும்தான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் கிண்டல் பண்ணினாரா, உண்மையைச் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை.

கம்பம் ஏறினவன்:
கவுன்சிலரை விடு. நாலும் ஒரே நேரத்துல போனா அது பல்பு இல்லை. பல்புக்குத் தனித்தனி ஆயுசு, நாலும் பேசிவைச்சு ஒண்ணா சாகாது.

நம்ம பக்கத்துல தாழ்வழுத்த லைன்ல அஞ்சு கம்பி போகும். மூணு பேஸ், ஒரு நியூட்ரல், அஞ்சாவது தெருவிளக்குக்குன்னே தனிக் கம்பி. அந்த அஞ்சாவது கம்பிக்கு மட்டும் சுவிட்ச் பெட்டியும் மீட்டரும் தனியா இருக்கும். சாயங்காலம் அதைப் போட்டா வரிசையா எல்லா விளக்கும் எரியும், காலையில அணைச்சா எல்லாம் அணையும். வீட்டு கரண்ட் வேற கம்பியில வர்றதால அது பாட்டுக்கு இருக்கும்.

நாளைக்குப் பகல்ல, மழை இல்லாதப்போ, படியில நின்னு கம்பியை எண்ணு. ஒண்ணாவது கம்பத்துக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல எத்தனை? ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல எத்தனை? எண்ணினா போதும், வேற எதுவும் செய்யாதே. ஒரு போட்டோ எடுத்து வை.

கோர்ட்பீஸ் ஸ்டாம்ப்:
ஐயா சொல்வது கம்பிக்குச் சரி. எல்லைத் தகராறுக்கு நான் ஒரு வழி சொல்கிறேன். இரண்டு அலுவலகமும் வாயால் சொன்னதை எழுத்தில் வாங்க வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டம் 6(1)ன் கீழ் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப், ஸ்பீட் போஸ்ட். பலரும் செய்கிற தப்பு, "ஏன் விளக்கு எரியவில்லை?" என்று கேட்பது. அது தகவல் இல்லை, சண்டை. இருக்கிற ஆவணத்தின் நகலைக் கேளுங்கள்: உங்கள் வார்டில் நகராட்சி பராமரிக்கும் தெருவிளக்குகளின் பட்டியல் கம்ப எண்ணோடு, அந்த விளக்குகளுக்கு நகராட்சி கட்டும் மின் இணைப்பின் எண், வார்டு எல்லை வரைபடம். மூன்றே மூன்று.

இதில்தான் விஷயம் இருக்கிறது. "இது எங்களுடையது இல்லை" என்று சும்மா திருப்பி அனுப்ப முடியாது. தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் 6(3)ன்படி அவர்களே 5 நாளுக்குள் அங்கே மாற்றிவிட்டு உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆக எந்தப் பக்கம் தள்ளினாலும், தள்ளியவர் கையெழுத்து உங்கள் கையில் இருக்கும். பதிலுக்கு 30 நாள். வரவில்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கு ஸ்டாம்ப் வேண்டாம்.

ஒரு சந்தேகம்: கீழே உள்ள வீடுகள் வீட்டு வரியை எங்கே கட்டுகின்றன?

மேல்லயத்துப் பேரன்:
இதைத்தான் நேற்று ராத்திரி வீடு வீடாகக் கேட்டேன். எங்கள் வீடும் அதற்குக் கீழே 3 வீடும் நகராட்சிக்கு. கடைசி 5 வீடு ஊராட்சிக்கு. குடிதண்ணீர் 9 வீட்டுக்கும் ஒரே குழாய்! பக்கத்து வீட்டு அக்கா ரசீது ஒன்றை எடுத்துக் காட்டினார், 2011லிருந்து ஒரு தாள் விடாமல் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் போன வருட ரசீதே இல்லை.

மலைப்பாதை சங்கர்:
ஆர்.டி.ஐ. போட்டா பகை வரும். அப்புறம் வீட்டு வரிப் பெயர் மாற்றத்துக்குப் போனா "அந்த மனுக்காரன் வந்துட்டான்"னு உட்கார வைப்பாங்க. எங்க சித்தப்பாவுக்கு நடந்தது.

கோர்ட்பீஸ் ஸ்டாம்ப்:
வரலாம். வராமலும் போகலாம். முதலில் சாதாரண மனு, ஒப்புகைச் சீட்டோடு. 15 நாள் பார்த்துவிட்டு அப்புறம் ஆர்.டி.ஐ. என்று வைத்துக்கொள்ளலாம். ஊராட்சிப் பக்கம் ஒரு சிக்கல் உண்டு: 2025 ஜனவரி 5ஓடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு அரசு நியமித்த தனி அலுவலரிடம் போனது. அதனால் பழைய தலைவர் வீட்டுக்கு நடக்காதீர்கள், மனு வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கே போகட்டும்.

ஹட்டிக்காரி:
தம்பி, விளக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். மேலே படி தொடங்குற இடத்துல குப்பைத் தொட்டி இருக்கா? எங்க ஹட்டிக்கு, அதான் எங்க படகர் ஊருக்கு, போற வழியில இருந்துச்சு. பன்னி வந்துச்சு, அப்புறம் கரடி வந்துச்சு. கரடிக்கு எண்ணெய் வாசம் போதும், கோயில் விளக்குல ஊத்தின எண்ணெயையே விடாது. தொட்டியை எடுத்துட்டு காலையில வர்ற தூய்மைப் பணியாளர் கையில நேரா கொடுக்க ஆரம்பிச்சோம். மீன் கழுவின தண்ணியைக்கூட ராத்திரி வெளியே ஊத்துறதில்லை. இப்போ பன்னி குறைஞ்சிருக்கு. கரடி அது பாட்டுக்கு வரும் போகும்.

கொடைக்கானல்காரன்:
நான் இந்த மலை இல்லை, பழனி மலைப் பக்கம். எங்களுக்கு அது காட்டுமாடு. ஏரிப் பக்கம் பட்டப்பகலில் டூரிஸ்ட் பஸ்ஸுக்கு நடுவில் மேய்ந்துகொண்டு நிற்கும். விளக்கு எரிந்தால் காட்டுமாடு வராது என்று யாரும் நினைக்காதீர்கள், புல் இருந்தால் வரும். விளக்கு நமக்குத்தான், தூரத்திலேயே பார்த்துத் திரும்ப.

அம்மா செய்ததுதான் சரி. பின்னால் ஏறிப்போனார் பாருங்கள். தடுப்புச் சுவரும் படியும் சேர்ந்த இடத்தில் அதற்கும் ஓட வழி இல்லை, நமக்கும் இல்லை. கத்துவது, கல் எறிவது, போன் பிளாஷை முகத்தில் அடிப்பது எல்லாம் அங்கே வேலைக்கு ஆகாது. ஒரு டன் எடைக்குப் பக்கம் வளரும் உருப்படி. டார்ச்சைத் தரையில் அடித்து நடக்கச் சொல்லுங்கள், வளைவுக்கு முன்னால் நின்று ஒரு தடவை தொண்டையைச் செருமிவிட்டுப் போகச் சொல்லுங்கள். எங்கள் ஆத்தா அதற்காகவே பாட்டு பாடிக்கொண்டு வரும்.

மேல்லயத்துப் பேரன்:
எண்ணிவிட்டேன்!

ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் 5 கம்பி. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் 4. ஐந்தாவதை இரண்டாவது கம்பத்திலேயே சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறது. இரண்டு மாதமாக அதற்குக் கீழேதான் தினமும் நடக்கிறேன். கம்பி என்று பார்த்திருக்கிறேனே தவிர, ஒருநாளும் எண்ணியதில்லை.

கம்பம் ஏறினவன்:
அவ்வளவுதான். கிளை விழுந்த அன்னைக்கு அஞ்சும் அறுந்திருக்கும். மறுநாள் மழையில வந்த பசங்க வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற நாலையும் இழுத்துக் கட்டிட்டு, அஞ்சாவதை அப்புறம் பார்க்கலாம்னு சுருட்டி வச்சிருப்பாங்க. நானும் அப்படி வச்சிருக்கேன், பொய் சொல்லக்கூடாது. அன்னைக்கு இன்னும் பத்து இடத்துல மரம் விழுந்திருக்கும்.

இப்போ கவனி. விளக்கும் பல்பும் நகராட்சியோ ஊராட்சியோ பார்க்கணும், கரண்ட் பில்லும் அவங்க கட்டணும். கம்பி மின்வாரியத்தோடது. அறுந்த கம்பியைக் கட்டுறதுக்கு எல்லை எங்கே இருந்தா என்ன? நீ "விளக்கு எரியலை"ன்னு போய் நின்னதாலதான் மூணு ஆபீசும் உன்னைச் சுத்தவிட்டுச்சு. "தெருவிளக்குக் கம்பி அறுந்து சுருட்டிக் கிடக்கு, மழையில ஆடுது, ஆபத்து"ன்னு சொல்லு.

மின்னகம், அதான் மின்வாரியத்தோட புகார் மையம், 94987 94987, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க. பக்கத்து வீட்டு மின் இணைப்பு எண்ணைக் கையில வச்சுக்கோ, அதை வச்சுத்தான் எந்த டிரான்ஸ்பார்மர்னு கண்டுபிடிப்பாங்க. புகார் எண்ணைத் தேதியோட எழுதி வை. கம்பம் பெயிண்ட் அழிஞ்சிருந்தா "மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது கம்பம்"னு சொன்னா போதும்.

அந்த சீகை மரம் இன்னும் சாய்ஞ்சு நிக்குதுன்னா நீங்களா அரிவாள் எடுக்காதீங்க. மலைப் பகுதியில மரம் வெட்ட 1955ஆம் வருஷச் சட்டப்படி அனுமதி வேணும். லைன்ல உரசுற கிளையை மின்வாரியமே கழிக்கும், அதையும் அதே புகார்ல சொல்லிடு.

ஹட்டிக்காரி:
அதுவரைக்கும் உங்க வீட்டுத் திண்ணைச் சுவர்ல, உங்க சுவர்லதான், படியைப் பார்த்த மாதிரி ஒரு 9 வாட் பல்பு போடு. ராத்திரி 12 மணி நேரம் எரிஞ்சாலும் 60 நாளைக்கு ஆறரை யூனிட்தான். பில்லுல அது பெருசாத் தெரியாது.

மேல்லயத்துப் பேரன்:
நன்றி அக்கா, இன்றைக்கே போட்டாச்சு. இரண்டாவது வளைவு வரை வெளிச்சம் விழுகிறது. 2011 ரசீது அக்காவும் அவர் வீட்டில் ஒன்று போட்டுவிட்டார்.

மேல்லயத்துப் பேரன் (11 நாள் கழித்து):
நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வேறு யாராவது தேடி வருவார்கள்.

மின்னகத்தில் புகார் பதிந்தது திங்கட்கிழமை. "விளக்கு" என்ற சொல்லையே எடுக்கவில்லை, கம்பி என்று மட்டும்தான் சொன்னேன். வியாழக்கிழமை இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். 40 நிமிட வேலை. கிளையையும் கழித்தார்கள். அன்று சாயங்காலம் 3, 4, 5 மூன்றும் எரிந்தன. அம்மா இறங்கி வரும்போது தங்கை கீழே நின்று கைதட்டினாள்.

ஆறாவது எரியவில்லை. அதில் பல்பே போயிருக்கிறது என்று லைன்மேன் அண்ணன் சொன்னார். நகராட்சிக்குக் கொடுத்த மனுவுக்கு வந்த பதிலில் எங்கள் பாதையில் அவர்கள் பட்டியலில் 4 கம்பம் இருக்கிறது. மூன்றாவதுக்குக் கீழே எல்லை இல்லை என்று சொன்ன அதே மேசையிலிருந்துதான் அந்தப் பதிலும் வந்தது. ஆக 5, 6 ஊராட்சிக்கு. வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்கியிருக்கிறேன்.

ஆனால் ஒரு புதுப் பிரச்சினை. கம்பி கட்டிய நாளிலிருந்து 3, 4, 5 மூன்றும் பகலிலும் எரிகின்றன. மேலே உள்ள 2 மட்டும் காலையில் ஒழுங்காக அணைகின்றன. இது என்ன ஐயா?

கம்பம் ஏறினவன்:
அடடா. உங்க அஞ்சாவது கம்பியை மேலே இருந்து வர்ற அஞ்சாவது கம்பியோட சேர்க்காம, பக்கத்துல போற வீட்டு பேஸ்ல சேர்த்துட்டாங்க. சுவிட்ச் பெட்டிக்கும் மீட்டருக்கும் இப்போ சம்பந்தமே இல்லை. பில்லும் யார் கணக்குலயும் ஏறாது. ஒருநாள் யாராவது பார்த்து மொத்தமா வெட்டிவிட்டுட்டுப் போயிடுவாங்க, மறுபடியும் இருட்டு. பழைய புகார் எண்ணைச் சொல்லியே இன்னொரு தடவை பேசு. "ஜம்பர் மாத்திக் கட்டணும்"னு சொல்லு, புரியும். ஜம்பர்னா ரெண்டு கம்பியைச் சேர்க்கிற துண்டுக் கம்பி.

மேல்லயத்துப் பேரன்:
பேசிவிட்டேன், புது எண் கொடுத்திருக்கிறார்கள். பாட்டிக்கு மட்டும் நான் பேசியது பிடிக்கவில்லை. "ரெண்டு மாசம் ராத்திரியில எரியாத கணக்கைப் பகல்ல எரிஞ்சு தீர்க்குது, உனக்கு என்னடா" என்கிறார்.