தலைமையை விட்டு இறங்கிய பிறகு: கொங்கு நாட்டில் கேட்ட அரசியல், கிரிக்கெட் பேச்சுகள்

திருச்செங்கோட்டிலிருந்து:

அரசியலையும் கிரிக்கெட்டையும் ஒரே மூச்சில் பேசும் சாதாரண மனிதர்களை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள், அவர்கள் சொன்னதில் எது உங்கள் மனத்தில் தங்கியது என்பதை இங்கே எழுதலாம். தொலைக்காட்சி விவாதத்தில் கேட்டது வேண்டாம், நேரில் கேட்டது போதும். என்னுடையதை முதலில் எழுதுகிறேன்.

எங்கள் ஊரின் போர்வெல் வண்டிகள் போகாத மாநிலம் இந்தியாவில் குறைவு. எனக்குச் சித்தப்பா முறையாகும் ஒருவர் இளமையிலிருந்தே ரிக் லாரியோடு ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் என்று அலைந்தவர். வண்டி நிற்கும் ஊரில் தேர்தல் வந்தால் அந்த ஊர்ப் பொதுக்கூட்டத்திற்கும் போய் நிற்பார். கிரிக்கெட் ஓடினால் டீக்கடை வானொலிக்கு முன்னாலும் நிற்பார். இந்தியில் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாத அவர் பேசும் இந்தியை அந்தப் பக்கத்து லாரிக்காரர்களே மெச்சுவார்கள் என்பது அவருடைய பெருமை. வைகாசித் தேருக்கு அவர் ஊருக்கு வந்திருந்தபோது, தேர் நிலைக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். யார் நல்ல தலைவர் என்று வழக்கமாகப் போகும் பேச்சு அன்று வேறு திசையில் போனது.

"எல்லாரும் 2011 கோப்பைக்குத்தான் தோனியப் பேசறாங்க கண்ணு. எனக்கு 2017-க்கு அப்பறம் ஆடுன தோனியத்தான் புடிக்கும்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 2017 சனவரியில் ஒருநாள் போட்டிகளின் தலைமையை விட்ட தோனி, 2019 சூலையில் மான்செஸ்டரில் நியூசிலாந்திடம் தோற்ற அரையிறுதி வரை, ஒருகாலத்தில் தனக்குக் கீழே ஆடிய கோலியின் தலைமையில் ஆடினார். கோலி எல்லைக்கோட்டருகே நிற்க, விக்கெட்டுக்குப் பின்னாலிருந்து தோனி கையைக் காட்டி ஆள் நிறுத்துவதை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். கங்குலி 2005-இல் தலைமையை இழந்து, அணியிலிருந்தும் நீக்கப்பட்டு, 2006 டிசம்பரில் திராவிடின் தலைமையில் தென்னாப்பிரிக்காவில் டெஸ்ட் ஆடத் திரும்பி வந்தார். அதே கோலி ரோகித் சர்மாவின் தலைமையில் ஆடிய 2023 உலகக் கோப்பையில் 765 ஓட்டங்கள் எடுத்தார். ஒரே உலகக் கோப்பையில் வேறு எவரும் அவ்வளவு எடுத்ததில்லை. இவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, "மேல உக்காந்திருந்தவன் எறங்கி, அதே கூட்டத்துல ஒரு ஆளா நின்னு வேலை செய்யறான். நம்ம கட்சிகள்ல இப்படி ஒருத்தரக் காட்டு பாக்கலாம்" என்று என் முகத்தைப் பார்த்தார்.

நான் இராஜாஜியைச் சொன்னேன். சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். திருச்செங்கோட்டிற்கு அருகே புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் அமைத்தவர் என்பதால் எங்களுக்கு அவர் வெளியூர்க்காரர் அல்லர். 1948 முதல் 1950 வரை நாட்டின் கவர்னர் ஜெனரலாக இருந்த அவர், அதன்பிறகு நேருவின் அமைச்சரவையில் அமைச்சரானார். 1952-இல் சென்னை மாநில முதலமைச்சராகவும் வந்தார். நாட்டின் உச்சிப் பதவியிலிருந்து இவ்வாறு படி இறங்கியவர் வேறு யார் என்று கேட்டேன்.

"அப்பறம் 1959-ல சுதந்திராக் கட்சி ஆரம்பிச்சுட்டாரே" என்றார் சித்தப்பா.

காமராசரைச் சொன்னேன். 1963 அக்டோபர் 2 அன்று கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியை விட்டவர். அதற்கும் பதில் வைத்திருந்தார்: அடுத்த சனவரியிலேயே புவனேசுவரத்தில் அகில இந்தியக் காங்கிரசுக்குத் தலைவராகிவிட்டார். "அது எறங்குனதா, ஏறுனதா?" என்றார். ஓ.பன்னீர்செல்வம் மூன்று முறை முதலமைச்சராக இருந்தும் 2017 முதல் 2021 வரை எடப்பாடி பழனிசாமியின் கீழ் துணை முதலமைச்சராக இருந்தாரே என்று அவரே எடுத்துக்கொடுத்து, 2022-இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டதில் அது முடிந்ததையும் அவரே சொன்னார். மகாராஷ்டிரத்தில் முதலமைச்சராக இருந்த பட்னாவிசு 2022-இல் சிண்டேவுக்குத் துணையாகி, 2024 டிசம்பரில் இருவரும் இடம் மாறியதை அந்தப் பக்கத்து டீக்கடைகளில் கேட்ட பேச்சோடு விவரித்தார். "அதுல மனசு பாதி, கணக்குப் பாதி" என்பது அவர் தீர்ப்பு.

அவர் சொன்னதை நான் முழுவதும் ஏற்கவில்லை. கிரிக்கெட் அணித்தலைவர் மாறினால் மாறுவது களத்தில் ஆள் நிறுத்தும் முறையும் பந்துவீச்சாளரின் வரிசையும்தான். அரசியலில் ஒரு தலைவர் இறங்கினால் அவரை நம்பி நின்ற ஒன்றியச் செயலாளர், ஒப்பந்தம் எடுத்தவர், சங்கத்தில் பொறுப்பில் உள்ளவர் என்று நூற்றுக்கணக்கானோரின் பிழைப்பு ஆடிப்போகிறது. அவர் விட விரும்பினாலும் அவர்கள் விடமாட்டார்கள். இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "அப்ப அது தலைவரோட குத்தமில்ல, நம்ம குத்தம்" என்று மட்டும் சொன்னார்.

சின்னப்பம்பட்டிக்குப் பக்கத்து ஊரிலிருந்து:

சித்தப்பாவின் பட்டியலில் ஒருவர் விடுபட்டிருக்கிறார். அவர் ரகானே. எனக்கு அதைப் புரியவைத்தவர் எங்கள் ஊரில் தறி ஓட்டும் ஓர் அக்கா. கிரிக்கெட்டில் ஓவருக்கு எத்தனை பந்து என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

வேகப்பந்து வீச்சாளர் நடராசன் எங்கள் பக்கத்துப் பிள்ளை என்பதால் அவருடைய கதையை நான் நீட்டி எழுதத் தேவையில்லை. 2015-இல் அவர் பந்து வீசும் முறையே ஐயத்துக்கு உள்ளானது. அதைத் திருத்திக்கொண்டு வந்து, வலைப்பயிற்சிக்குப் பந்து வீச ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர், அதே பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். ஒரே பயணத்தில் அப்படி அறிமுகமான முதல் இந்தியர் அவர். பிரிசுபேனில் முதல் இன்னிங்சில் 3 விக்கெட்டுகள் எடுத்தார். 2021 சனவரி 19 அன்று அந்த டெஸ்டை வென்று தொடரையும் வென்றபோது, ரகானே கோப்பையை வாங்கி நேராக நடராசன் கையில் கொடுத்துவிட்டார். அந்தப் படம் எங்கள் பக்கத்தில் எத்தனை பிளெக்சில் இருந்தது என்பதை ஊரார் அறிவார்கள்.

அக்கா அந்தப் பிளெக்சைப் பார்த்து, "இதுல கேப்டன் யாரு?" என்று கேட்டார். காட்டினேன். "இவரா? இவரு என்ன இப்படி ஓரத்துல நிக்கறாரு?" என்றார். பிறகு, எங்கள் ஊர்க் குடிநீர்த் தொட்டித் திறப்பு விழாவின் கல்வெட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அந்தத் தொட்டிக்கு இடம் கொடுத்தது ஒரு குடும்பம். குழாய்க்குப் பள்ளம் வெட்டியபோது கூட நின்றவர்கள் ஊர் இளைஞர்கள். கல்வெட்டில் தலைமை, முன்னிலை, வரவேற்பு என்று பெரிய பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. இடம் கொடுத்தவர் பெயருக்கு இடமில்லை.

"கோப்பைய வாங்குனவன் நடுவுல நிக்கணும்னு சட்டமா இருக்குது? நிக்காம இருந்தா ஒண்ணும் கொறஞ்சு போகாது போல" என்று அக்கா சொன்னதை நான் மறக்கவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்றை நான் சேர்க்கிறேன். அடிலெய்டில் 36 ஓட்டங்களுக்குச் சுருண்ட அணியைப் பொறுப்பேற்று, மெல்போர்னில் சதம் அடித்து, தொடரையே வென்று கொடுத்த ரகானே, அடுத்த மாதம் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் மீண்டும் துணைத்தலைவராக நின்றார். கோலி விடுப்பு முடிந்து வந்துவிட்டார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. தன் ஆதரவாளர்களைக் கூட்டி அறிக்கை விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அன்னூரிலிருந்து:

கல்வெட்டு என்றதும் எனக்கு அத்திக்கடவு-அவிநாசித் திட்டம்தான் நினைவுக்கு வருகிறது. எங்கள் தாத்தா காலத்துக் கோரிக்கை. 2019-இல் ஓர் ஆட்சி வேலையைத் தொடங்கியது, 2024 ஆகஸ்டு 17 அன்று அடுத்த ஆட்சி திறந்து வைத்தது. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வழியும் உபரி நீர், ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக, மூன்று மாவட்டங்களின் 1,045 ஏரி குளங்களுக்குப் போகிறது. இது யாருடைய திட்டம் என்று இரண்டு கட்சிக்காரர்களும் எங்கள் ஊர்ச் சலூனில் அடித்துக்கொண்டபோது, சவரம் செய்துகொண்டிருந்தவர் கத்தியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஸ்கோர் போர்டுல ரெண்டு பேட்ஸ்மேன் பேரும் வரும். இங்க மட்டும் அவுட்டானவன் பேர அழிச்சுப்போடறீங்க." நடுவில் ஆண்டுக்கணக்கில் உண்ணாவிரதமும் மறியலும் நடத்திய விவசாயிகளின் பெயரை அவரும் சொல்லவில்லை. அது எனக்குச் சற்று வருத்தம்தான்.

மொடக்குறிச்சியிலிருந்து:

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் கிரிக்கெட்டை அளவுகோலாக வைத்து அரசியலை அளந்திருக்கிறீர்கள். எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, இதற்கு நேர் எதிர்க் கட்சி. அவரிடம் தோனி பேச்சை எடுத்தால், "அந்தக் கேப்டன நீ ஓட்டுப் போட்டாக் கொண்டுவந்தே?" என்பார்.

அவர் வாதம் இது. இந்திய அணியின் தலைவரைத் தேர்வுக் குழுவினர் ஐந்து பேர் முடிவு செய்கிறார்கள். ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்று கேட்கப் பொதுமக்களுக்கு வழி இல்லை. 2021 டிசம்பரில் கோலியின் ஒருநாள் தலைமை பறிக்கப்பட்டபோது, தேர்வுக் கூட்டத்திற்கு ஒன்றரை மணி நேரம் முன்புதான் தன்னைத் தொடர்பு கொண்டார்கள் என்று அவரே செய்தியாளர்களிடம் சொன்னார். திருச்செங்கோட்டுச் சித்தப்பாவின் கேள்வியையே திருப்பிக் கேட்கலாம்: அது இறங்கியதா, இறக்கியதா? இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் நிர்வாகத்தைச் சீராக்க லோதா குழுவை அமைத்து, அமைச்சர்களும் 70 வயதைக் கடந்தவர்களும் பொறுப்பில் இருக்கக் கூடாது என்ற அதன் பரிந்துரைகளை 2016 சூலையில் ஏற்க வேண்டிய வேலை உச்ச நீதிமன்றத்திற்கே வந்தது. அந்த வாரியத்தின் தலைமை நாற்காலியில் மத்திய அமைச்சராக இருந்துகொண்டே உட்கார்ந்தவர்களும் உண்டு. ஆகவே கிரிக்கெட்டைப் பார்த்து அரசியல் ஒழுக்கம் கற்க வேண்டும் என்றால் அப்புச்சிக்குச் சிரிப்பு வந்துவிடும்.

இப்படிப் பேச அவருக்கு உரிமை உண்டு என்று நான் நினைக்கிறேன். 1996 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் நின்ற 1,033 வேட்பாளர்களில் அவரும் ஒருவர். கோரிக்கைகள் எதுவும் நிறைவேறவில்லை என்பதைக் காட்ட விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. தேர்தலையே ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். கடைசியில் திமுகவின் சுப்புலட்சுமி செகதீசன் வென்றார். வேட்பாளர்களில் 88 பேருக்கு ஓர் ஓட்டும் விழவில்லை; அதாவது அவர்களே அவர்களுக்குப் போடவில்லை. நீங்களும் அந்த 88-இல் ஒருவரா என்று கேட்டால் அப்புச்சி இன்றுவரை பதில் சொல்லமாட்டார். "செயிக்கவா நின்னோம்? சீட்டு தடியாகட்டும்னு நின்னோம். ஓட்டு வேற, அத வீணாக்கலாமா சாமி?" என்பார்.

அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, சட்டமன்ற வேட்பாளரின் டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக்கினார்கள். சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் வைத்தார்கள். இப்போது டெபாசிட் 10,000 ரூபாய். 2023-இல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றதற்கு ஒரு சாவடிக்கு ஐந்து வாக்குப்பதிவு எந்திரங்கள் அடுக்கினார்கள் என்று செய்தியில் கேட்டு, "இதெல்லாம் ஒரு கூட்டமா?" என்று அப்புச்சி அலட்சியமாகச் சிரித்தார்.

அவர் சிரிக்காத ஒன்று உண்டு. 2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் நிசாமாபாத்தில் மஞ்சள், சோள விவசாயிகள் நூற்றுக்கணக்கில் மனுத் தாக்கல் செய்ய, வேட்பாளர் எண்ணிக்கை 185 ஆனது. அப்போது அந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர், அன்றைய முதலமைச்சரின் மகள், தோற்றார். அவர்கள் கேட்டது மஞ்சளுக்கு ஒரு வாரியம். 2025 பொங்கலன்று தேசிய மஞ்சள் வாரியம் நிசாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, வாரியம் கிடைக்கவில்லை.

அன்று செய்தியைப் பார்த்துவிட்டு அப்புச்சி நெடுநேரம் திட்டிக்கொண்டிருந்தார். தில்லியையும் திட்டவில்லை, சென்னையையும் திட்டவில்லை. ஒரே ஒரு தேர்தலோடு கலைந்துபோய், அதன்பிறகு விரலி மஞ்சளுக்கு விலை விழுந்தபோதெல்லாம் தனித்தனியாக மண்டிக்காரரிடம் போய் நின்ற தன் ஊர்க்காரர்களைப் பெயர் சொல்லித் திட்டினார். அவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை என்று அம்முச்சி உள்ளேயிருந்து சொன்ன பிறகும் அவர் நிறுத்தவில்லை.