மறுமொழி: றிட்ராக்ட் லேண்டிங் கியர் – "உள்ளிழு" வேண்டாம், "மடக்குக்கால்" என்போமா?

அண்ணை,

றேடியோவில் ஓட்டுகிற எங்கள் மாதிரி விமானங்களில், பறக்கும்போது இறக்கைக்குள் ஒதுங்குகிற சில்லுக்காலுக்கு (றிட்ராக்ட்) நீங்கள் தந்த "உள்ளிழுக்கக்கூடிய தரையிறங்கு சில்லுத் தொகுதி" என்ற சொல் பரீட்சைத் தாளில் நிற்கும், பறப்புத் திடலில் நிற்காது. விமானம் கடைசித் திருப்பம் எடுத்து வரும்போது பக்கத்தில் நிற்கிறவன் இதைச் சொல்லி முடிக்குமுன் அதன் வயிறு புல்லில் உரசிவிடும். நாங்கள் அங்கே கத்துவது "காலை விடு!" என்றுதான்.

நீளத்தைவிட எனக்கு இடிக்கிறது அந்த "உள்ளிழு". ஆமைத் தலை மாதிரி எதுவும் நேரே உள்ளே போவதில்லையே. காலின் மேல்நுனி ஒரு குறுக்கு அச்சில் கொழுவியிருக்கிறது. அந்த அச்சு ஏறத்தாழ 90 பாகை திரும்ப, கால் இறக்கைக்குள் மடிந்து படுக்கிறது. பழைய போர் விமானங்களைப் பாருங்கள்: ஸ்பிற்பயரில் வெளிப்பக்கமாக மடியும், மஸ்ராங்கில் உட்பக்கமாக. கோர்செயரிலோ கால் பின்னால் மடிகிறபோதே சில்லும் 90 பாகை முறுகித் தட்டையாகிவிடும். மூன்றுக்கும் பொருந்துகிற வினை மடங்குதல் ஒன்றுதான். மடக்குக் கத்தி, மடக்குக் கதிரை என்று வீட்டில் சொல்கிறோம்; இது மடக்குக்கால்.

"மடிகால்" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அழகான வினைத்தொகை. ஆனால் மடிக்கணினி பழகிய காதுக்கு அது மடியில் வைக்கிற காலாகக் கேட்கும்.

எதிர்ச்சொல் மடங்காக்கால். "நிலைக்கால்" என்றால் கதவுதான் ஞாபகம் வரும். இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் இரண்டுக்கும் உதாரணம் உண்டு: சிப்மங்க் மடங்காக்கால், ஜெட் புறோவஸ்ட் மடக்குக்கால்.

சில்லு ஒதுங்குகிற பள்ளத்துக்குச் "சில்லு அறை" என்றீர்கள். சேர்த்து எழுதிப் பாருங்கள், சில்லறை! சில்லுக்குழி போதும். தமிழக நண்பர்கள் கவனிக்க: இங்கே சில்லு என்றால் வீல், உங்கள் சிப் அல்ல.

காலைப் பொருத்துகிற மரத்துக்கும் ஒரு சொல் வேண்டும். இறக்கையின் பால்சா (இலேசான மரம்) விலாக்களுக்கு இடையே எப்பொக்சி போட்டு ஒட்டுகிற அந்த இரண்டு வன்மரத் துண்டுகளைத் "தாங்குசட்டம்" எனலாம். புல்தரையில் இறங்கும்போது சில்லு தடுக்குப்பட்டு, கால் பின்னோக்கி நெம்பும். அந்த நெம்பு முழுவதையும் வாங்குவது இந்தச் சட்டந்தான். திருகாணியை மட்டும் நம்பிச் சட்டத்தை விலாவோடு இறுக்கமாக ஒட்டாமல் விட்டால் காலை மடக்குகிற பொறி இறக்கையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

– வெள்ளவத்தையிலிருந்து

*

தம்பி,

மடக்குக்காலுக்கு என் வாக்கு. தாங்குசட்டமும் நல்லது. ஒரு குறை மட்டும்: எல்லாப் பொறிக்கும் ஒரே பெயர் போதாது. பழைய சேர்வோ (றேடியோக் கட்டளைக்கேற்பத் திரும்புகிற சிறு மோட்டர்ப் பெட்டி) வகையில் கால் முழுதாக விரிந்ததும் ஒரு பூட்டு விழும், பிறகு சுமை சேர்வோவுக்குப் போகாது. காற்று வகையில் சிறு கலனுக்குள் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அளவில் பம்ப் அடிக்கவேண்டும். குழாய் கசிந்தால் கால் அவ்வளவுதான். மின் வகையில் சின்ன மோட்டர் ஒரு திருகுதண்டைச் சுழற்றுகிறது. கால் முனைக்கு வந்து முட்டியதும் மின்னோட்டம் ஏற, கட்டுப்படுத்தி மோட்டரை நிறுத்தும்.

இந்த மூன்றாவதில்தான் புதியவர்கள் முழிக்கிறார்கள். சில்லுக்குழியின் விளிம்பில் ரயர் இலேசாக உரசினாலே போதும், "வேலை முடிந்தது" என்று கட்டுப்படுத்தி நினைத்துக்கொள்ளும். கால் பாதியில் நிற்கும். பொறியைக் கழற்றமுன் விளிம்பை அரத்தாள் போட்டு உரசிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆகவே சேர்வோ மடக்குக்கால், காற்று மடக்குக்கால், மின் மடக்குக்கால் என்று மூன்றாகப் பதிவோம். சுவிச்சுக்கு "மடக்கு / விரி".

– தெஹிவளை

*

அண்ணை, மூன்றும் சரி. "விரி" மட்டும் வேண்டாம், குடை மாதிரிக் கேட்கிறது. "மடக்கு / விடு" என்று போடுங்கள், திடலில் எல்லாரும் சொல்வது அதுதான். அடுத்த சொல் "ஒலியோ" (oleo): எங்கள் மாதிரிகளில் சுருள்வில் வைத்து அமுங்குகிற கால். நான் "அமுங்குகால்" என்கிறேன். மறுப்பிருந்தால் எழுதுங்கள்.