கொடைக்கானலில் ஈஸ்டருக்குப் பிந்தைய வாலிபர் முகாம்: மூன்று நாளை எப்படி அமைப்பது?

கேள்வி: வாலிபர் ஐக்கியச் செயலாளர், மதுரை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். இந்த 2026-இல் ஈஸ்டர் ஏப்ரல் 5 அன்று வருகிறது. அதற்கு அடுத்த வெள்ளி முதல் ஞாயிறு வரை எங்கள் சபையின் வாலிபர் நாற்பது பேரைக் கொடைக்கானலில் ஒரு முகாம் இல்லத்துக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். சென்ற ஆண்டு சமவெளியில் நடத்திய முகாமில் காலை ஐந்தரை மணிக்கு ஜெபத்தில் தொடங்கி இரவு பத்து மணிவரை செய்திக்கு மேல் செய்தியாக வைத்திருந்தோம். ஊர் திரும்பியபின், மனத்தில் நின்றது என்ன என்று ஒரு தம்பியிடம் கேட்டதற்கு, "தூக்கம்தான் அண்ணா" என்றான். இம்முறை வெளியில் நடப்பது, இயற்கையைக் கவனிப்பது, இரவில் தீமூட்டி அமர்ந்து சாட்சி பகிர்வது ஆகியவற்றுக்கு இடம் கொடுக்க விரும்புகிறேன். ஆனால், "இது முகாமா, சுற்றுலாவா?" என்று சபை மூப்பர் ஒருவர் கேட்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: முன்னாள் முகாம் பொறுப்பாளர், திண்டுக்கல்

தம்பி, உங்கள் மூப்பரிடம் அந்த ஊரின் வரலாற்றைச் சொல்லுங்கள். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த மிஷனரிகள், வெயிலுக்கும் நோய்க்கும் தங்கள் குடும்பங்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த நிலையில், உடலும் உள்ளமும் தேறுவதற்காகவே அந்த மலையில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். இளைப்பாறுவதற்கென்றே உருவான ஊரில் போய் இளைப்பாறுவதைக் குறையாகச் சொல்வதற்கில்லை.

நாள்களை மட்டும் மாற்றுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை இ-பாஸ் (மலைக்குச் செல்லும் வாகனங்களுக்கான இணையவழி அனுமதி) முறையில் வார நாள்களில் 4,000 வாகனங்களும் வார இறுதியில் 6,000 வாகனங்களும்தாம் அனுமதிக்கப்படும் என்று உயர் நீதிமன்றம் 2025-இல் வரையறுத்தது. வியாழன் ஏறிச் சனிக்கிழமை மாலை இறங்கிவிட்டால் நெரிசலும் குறையும், ஞாயிறு ஆராதனைக்குப் பிள்ளைகள் சொந்தச் சபையில் இருப்பார்கள். மூப்பருக்கும் பாதிக் கோபம் ஆறிவிடும். தனி வாகனம் என்றால் இ-பாஸை முன்னதாகவே எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் சென்றால் அது தேவையில்லை. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு அங்கே தடை உண்டு, பாட்டில் ஒன்றுக்கு இருபது ரூபாய் கட்ட நேரிடும்; ஆகவே ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஏப்ரலில் காலை தெளிவாக இருக்கும், பிற்பகலில் பல நாள்கள் இடி மழை பிடித்துக்கொள்ளும். எனவே நடையைக் காலையிலும், வேதபாடத்தை மதிய உணவுக்குப் பிறகு கூடத்திலும் வையுங்கள். வழக்கமான முகாம் அட்டவணை இதற்கு நேர்மாறாக இருப்பதால்தான் பாதி நிகழ்ச்சிகள் மழையில் கெடுகின்றன.

தீமூட்டும் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைபயணம் சென்ற இளையோர் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். புல் காய்ந்து கிடக்கும் பருவம் இது. முகாம் இல்லத்தில் அதற்கென்று கல் பதித்த களம் இருந்தால் மட்டும், நிர்வாகியின் அனுமதியுடன், பக்கத்தில் நான்கு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு மூட்டுங்கள். இல்லையென்றால் நடுவில் ஒரு அரிக்கேன் விளக்கே போதும். வனத்துறை அனுமதியில்லாத காட்டுப் பாதையில், "சும்மா கொஞ்ச தூரம்" என்றுகூட ஒருவரையும் அழைத்துச் செல்லாதீர்கள்.

பதில் 2: கத்தோலிக்கத் தியானக் குழு உறுப்பினர், திருச்சி

நாங்கள் ஆண்டுதோறும் மௌனத் தியானத்துக்குச் செல்பவர்கள். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபைத் துறவியர் 1895 முதல் இருப்பதால் கொடைக்கானல் மலை எங்களுக்குப் பழக்கமானது. அச்சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த தியான முறையான ஆன்மப் பயிற்சிகளில் வழிநடத்துபவர் குறைவாகப் பேசுவதும், தியானிப்பவர் தாமாகவே கண்டடைவதும் முக்கியம். நாளுக்கு இரண்டு உரைகளுக்குமேல் வேண்டாம் என்பது என் கருத்து.

ஈஸ்டரை ஒட்டிய பாஸ்கா காலத்துக்கு மிகவும் பொருந்துவது எம்மாவு நடை: மனம் சோர்ந்து எம்மாவு ஊருக்கு நடந்த இரு சீடர்கள், உடன் நடந்த உயிர்த்த இயேசுவை அவர் ரொட்டியைப் பிட்டபோதுதான் அடையாளம் கண்ட நிகழ்வு அது. லூக்கா நற்செய்தியின் 24-ஆம் அதிகாரத்தை விடியற்காலையில் வாசித்துவிட்டு, இருவர் இருவராக ஏரியைச் சுற்றி நடக்க விடுங்கள். சுற்று ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். முதல் பாதி பேசாமல், மறு பாதி தங்கள் ஏமாற்றங்களைப் பற்றிப் பேசிக்கொண்டு. இறுதியில் அனைவரும் சேர்ந்து ஒரு ரொட்டியைப் பிட்டு உண்ணலாம். யார் யாருடன் நடப்பது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் குழுவில் பாடகர் குழுச் சண்டையால் ஓராண்டாகப் பேசாதிருந்த இருவருக்கு ஒரே சீட்டு விழுந்தது. அவர்கள் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தார்கள். ரொட்டி தீர்ந்திருந்தது, ஒருவர் பையிலிருந்த வறுக்கியை உடைத்து மற்றவரிடம் நீட்டினார். நான் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன்.

கைப்பேசிகளை ஒரு கூடையில் வாங்கி வையுங்கள். பெற்றோருக்குப் பொறுப்பாளரின் எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும்.

பதில் 3: ஞாயிறு பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

இயற்கையைக் கவனிப்பது என்றீர்கள், அதற்கு ஒரு வழி சொல்கிறேன். வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட பைன் தோப்பு ஒன்றில் பிள்ளைகளைத் தரையில் கை வைக்கச் சொல்லுங்கள்: ஊசி இலைகள் மெத்தையாகக் கிடக்கும், அடியில் செடி என்று அதிகம் இராது. பிறகு சாலையோரமாக மிஞ்சியிருக்கும், அந்த மலைக்கே உரிய சோலைக்காட்டின் விளிம்பில் அதே கையை வைக்கச் சொன்னால் ஈரமும் பாசியும் மக்கிய இலையும் விரலில் ஒட்டும். அதன்பிறகு இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமையை எடுத்தால், அதில் விதை விழும் நால்வகை நிலத்தை நீங்கள் விளக்க வேண்டியதே இல்லை.

சமையலுக்கு யார் போகிறார்களோ அவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது. பெரிய குக்கர்களைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். மலையடிவார ஊரான வத்தலக்குண்டுக்குமேல் வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், கீழே இரண்டு இட்லியோடு நிறுத்திவிடுங்கள், பூரி வேண்டவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. தேதியை 9, 10, 11 என்று மாற்றி மூப்பரிடம் காட்டினேன். அட்டவணையை இருமுறை வாசித்துவிட்டு, எம்மாவு நடையில் தம் பெயரையும் சீட்டில் எழுதிப் போடும்படி சொல்லியிருக்கிறார். குக்கர்கள் மூன்று கிடைத்துவிட்டன; நான்காவதைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.