‘லெசன்ஸ் லேர்ன்ட் ரெஜிஸ்டர்’ – பட்டறிவேடு எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

ஒரு திட்டப்பணியில் நேர்ந்த பிழைகளையும் அவற்றுக்குக் கண்ட தீர்வுகளையும் அடுத்து வரும் குழுக்களுக்காகத் தொகுத்து வைக்கும் ஆவணமே ஆங்கிலத்தில் ‘லெசன்ஸ் லேர்ன்ட் ரெஜிஸ்டர்’. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘கற்ற பாடங்கள் பதிவேடு’ பொருளில் பிழையற்றது. ஆயினும், பாடம் என்றால் ஒருவர் சொல்லிக்கொடுக்க மற்றவர் கேட்பது. இங்கே பேசப்படுவதோ சொல்லிக்கொடுக்க ஆளின்றிப் பட்டுத் தெரிந்துகொண்டது. மேலும், கூட்டத்தில் சட்டென்று வாயில் வராத நீண்ட தொடர், கோப்பின் அட்டையோடு நின்றுவிடும்.

என் பரிந்துரை ‘பட்டறிவேடு’. பட்டறிவு, ஏடு இரண்டும் சேரும்போது, அறிவு என்பதன் ஈற்றிலுள்ளது முற்றியலுகரம் (முழுதாக ஒலிக்கும் உகரம்) ஆயிற்றே, அது கெடுமா என்று கேட்கலாம். ‘முற்றும் அற்று ஒரோவழி’, அதாவது முற்றியலுகரமும் சில இடங்களில் அவ்வாறே கெடும் என்று நன்னூல் இடம் தருகிறது. கதவு, அழகு இரண்டும் கதவழகு ஆவதுபோல இதுவும் அமையும். பட்டறிவு ஏற்கெனவே அனுபவத்தைக் குறிப்பதால் குழப்பம் வரும் என்று குழுவில் அம்மா ஒருவர் எழுப்பிய ஐயத்துக்கும், ஏடு சேர்ந்தவுடன் அது ஆவணத்தை மட்டுமே குறிக்கும் என்பதே என் விடை.

இச்சொல்லில் நான் இவ்வளவு பிடிப்புடன் இருப்பதற்குக் காரணம் உண்டு. எண்ணூரில் கடலை ஒட்டிய ஓர் ஆலையில் இரண்டாம் அலகு கட்டி முடித்த சில மாதங்களிலேயே, பம்புகளின் அடித்தள போல்ட்டுகள் உப்புக்காற்றில் துருவேறி, மரை அரித்து, ஸ்பேனர் பிடிக்காத நிலைக்கு வந்துவிட்டன. ஓய்வுபெற்றுத் திருவொற்றியூரில் இருந்த பழைய போர்மேன் அண்ணனைத் தேடிப் போனோம். அவர் எடுத்து வந்த டைரியில், கிரீஸ் விரல்தடம் பதிந்த ஒரு பக்கத்தில், “கடல் பக்கத்துக்குக் கால்வனைஸ் போல்ட்டே போட வேண்டும், மாட்டியதும் கிரீஸ் தடவி மூடி போடவும்” என்று முதல் அலகு கட்டிய காலத்திலேயே எழுதியிருந்தார். அவர் விடைபெற்ற நாளில் மாலை போட்ட எங்களில் ஒருவருக்கும் அந்த டைரியைக் கேட்கத் தோன்றவில்லை. அவரிடம் இருந்தது பட்டறிவு. ஆலையில் இல்லாமற்போனது பட்டறிவேடு.

சொல்ல முடிவதைவிட மிகுதியாக நாம் அறிந்திருக்கிறோம் என்று மெய்யியலாளர் மைக்கேல் போலனி 1966-இல் எழுதினார். நட்டை எந்த அளவில் இறுக்கி நிறுத்துவது என்ற கைவாகு எந்த ஏட்டிலும் முழுமையாக ஏறாது. இப்படிச் சொல்லில் அடங்காத அறிவைக் குறிக்கும் ‘டேசிட் நாலெட்ஜ்’ என்பதற்கு நாம் பேசிவரும் மறைவறிவு, யாரோ வேண்டுமென்றே ஒளித்துவைத்தது போன்ற தொனியைத் தருவதால், கைவாகு என்பதையே அங்கு எண்ணிப் பார்க்கலாம். நிறுவனத்தின் அறிவைத் தொகுத்துக் காக்கும், 2018-இல் ஐஎஸ்ஓ 30401 என்னும் பன்னாட்டுத் தரநிலை வெளிவந்த துறைக்கு ‘அறிவு மேலாண்மை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதை மாற்ற வேண்டியதில்லை.

தத்தம் பணியிடத்தில் “பட்டறிவேட்டில் ஏற்றியாயிற்றா?” என்று ஒரு வாரம் கேட்டுப் பார்த்து, நாக்கு எங்கே தடுக்குகிறது என்பதை எழுதுங்கள். மக்களின் வாயில் அது ‘பட்டறிவு நோட்டு’ என்று திரிந்தாலும் எனக்கு மகிழ்ச்சியே.

அன்புடன்,
எண்ணூரிலிருந்து